குணமணி எழுதிய அழைப்புப் பட்டியல்

குணமணி தன் கலியாணத்தைத் தானே ஒழுங்கு செய்தாள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. செய்து கொடுக்க ஆளில்லாததால் செய்தாள். வெருகலில் இருந்த தாயையும் தகப்பனையும் 2004 மார்கழியில் கடல் கொண்டுபோய்விட்டது. அவள் அப்போது திருகோணமலை நகரில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டு கடை தள்ளி என் மூத்த சகோதரன் றஊப் காக்காவின் இன்டர்நெட் கடை. ஐந்து கம்பியூட்டரில் மூன்று வேலை செய்யும். பகலில் அதைப் பார்த்துக்கொண்டது நான், ஸாலிஹா.

கடல் வந்து போன பிறகு இரண்டு கிழமை அவள் முகாம் முகாமாகப் போய், சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்களை விரல் வைத்து வாசித்தவள். அதற்குப் பிறகு எதையும் எழுதி வைக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. சந்தைக்குப் போக ஒரு துண்டு, வந்து சரிபார்க்க இன்னொரு துண்டு. "மூச்சு விட்டதையும் எழுதி வைப்பியா?" என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிப்பாள், ஆனால் துண்டைக் கசக்கிப் போடமாட்டாள்.

மாப்பிள்ளை கதிராமன் உப்புவெளியில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். இருமல் மருந்து வாங்க வந்தவன், இருமல் சுகமான பிறகும் வந்துகொண்டிருந்தான். பெற்றோரின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிய, 2006 தையின் கடைசியில் கலியாணம் என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

கலியாணத்தை இலவசமாகத் திட்டமிடலாம் என்ற வெளிநாட்டுத் தளத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது நான்தான். ஓசி என்றால் பேதி மருந்தையும் குடிக்கிற ஆள் நான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வருவாள், மூலையில் இருந்த கம்பியூட்டரில் இருவரும் குந்துவோம். அந்தத் தளம் கேட்காத கேள்வி இல்லை. மணமக்கள் முதலில் ஆடப்போகும் நடனத்துக்கு என்ன பாட்டு என்றது. விருந்துக்கு மாட்டிறைச்சியா, கோழியா, மீனா என்றது.

"மாடு எண்டு போடட்டா?" என்றேன்.

"போடு. பெரியப்பா வந்து உன்னையும் என்னையும் சேர்த்து வெட்டுவார்."

அழைப்பிதழும் அங்கேயே செய்தோம். இலவசமாகக் கிடைத்த அட்டைகளில் எல்லாம் புறாவும் மோதிரமும். புறாவைத் தூக்கிவிட்டுப் பிள்ளையாரை வைக்க எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. வெளியே ஆமிக்கும் போராளி இயக்கத்துக்கும் இடையில் சமாதானம் தாளில் மட்டும் மிஞ்சியிருந்த நாட்கள் அவை. தெருவுக்குத் தெரு சோதனை, இன்றைக்குத் திறந்த பாதை நாளைக்குப் பூட்டு. உள்ளே நாங்கள் பிள்ளையாரின் தும்பிக்கை எழுத்தில் முட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தோம்.

விருந்தினர் பட்டியலைத்தான் அவள் மிகக் கவனமாகச் செய்தாள். பெண் பக்கம் அறுபத்தொரு பேர். எல்லோரும் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வெருகல் பக்கத்து உறவுகள். முதல் வரியில் பெரியப்பா மூத்ததம்பி. தகப்பனின் தமையன், அவளுக்கென்று மிஞ்சிய நெருங்கிய இரத்தம் அவர் ஒருவர்தான்.

"ஆர் வந்தாலும் வராட்டியும் பரவாயில்லை, ஸாலிஹா. பெரியப்பா வந்து என்ர கையைப் பிடிச்சுத் தாரை வார்த்துத் தரவேணும். அநாதைப் பிள்ளையை ஆரோ ஒருத்தர் பிடிச்சுக் குடுத்தது எண்டு கதை வரக்கூடாது" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அழைப்பிதழை அச்செடுத்து, மூதூரிலிருந்து அந்தப் பக்கம் போய் நெல் வாங்கி வரும் வியாபாரி அப்துல் மஜீத் காக்காவிடம் கொடுத்தனுப்பினோம். ஒரு கிழமையில் பெரியப்பாவின் பதில் வந்தது. கடுதாசியில் சொன்ன கலியாணத்துக்கு ஒருவரும் படியிறங்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கோடு ஆள் வந்து, வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஒரு வீடு விட்டாலும் அந்த வீடு சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டும்.

மணப்பெண் தானே வீடு வீடாகப் போய்த் தன் கலியாணத்துக்குச் சொல்வது அழகில்லை. கதிராமன், "நான் போறன். இப்ப வெட்கம் பார்க்கிற காலமே?" என்றான்.

இங்கேதான் எங்களுக்குப் புத்தி கெட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இத்தனை பேர் நகருக்குள் வருவதென்றால் முன்கூட்டியே ஆமியிடம் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். குணமணி மஜீத் காக்கா மூலம் இலக்கங்களை எடுப்பித்து, பட்டியலில் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் நிரப்பினாள். எந்த ஊர், எந்த வீடு, எந்த நாள் புறப்படுவார்கள், நகரில் எங்கே தங்குவார்கள், எல்லாம் இருந்தது. இலக்கங்களைச் சரிபார்க்கவும் ஒரு வீடும் விடுபடாமல் இருக்கவும் அவன் கையில் பட்டியல் வேண்டும்.

"பாடமாக்கிக்கொண்டு போறன்" என்று கதிராமன் சொன்னான்.

"அறுபத்தொரு பேரை எப்பிடிப் பாடமாக்குவீங்கள்? தாளில எடுத்துத் தாறன்" என்றேன் நான். அச்செடுத்தது நான். நான்கு பக்கம். ஓரம் நேராக வரவில்லை என்று இரண்டாம் முறையும் எடுத்தேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அவன் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினான். அன்று பின்னேரம் மஜீத் காக்கா கடைக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"புள்ள, மூதூரில இருந்து நானும் அதே பஸ்ஸிலதான் போனனான். ஆமிச் சாவடியில எல்லாரையும் இறக்கினாங்கள். அந்தப் பொடியன்ட பையில வெத்திலைக்குக் கீழ தாள் இருந்தது. அவனை மட்டும் திரும்ப ஏத்தயில்லை."

வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுபக்கத்து ஆட்கள் அறுபத்தொரு பேரின் பெயர், இலக்கம், வரும் நாள், தங்கும் இடம், எல்லாம் ஒரு இளைஞனின் பையில். கலியாணம் என்று எழுதிய ஒரு சொல் அந்த நான்கு பக்கத்திலும் இல்லை.

மறுநாள் நானும் குணமணியும் அந்தத் தளத்தில் இருந்த மிச்சம் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு, அவனை வைத்திருந்த ஆமி முகாமுக்குப் போனோம். சேலை நிறம், சாப்பாடு, மாலை, பிள்ளையார் அட்டை. வாசலில் நின்றவர் வாங்கி, ஒருமுறை புரட்டிப் பார்த்து, போகச் சொன்னார். அடுத்த நாளும் போனோம். குணமணி அழவில்லை. வரும் வழியில், "நான்தான் எழுதினனான். அவருக்கு எழுதவே தெரியாது எண்டு நான் அங்க சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் கதிராமனை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்பதாவது தெரியும், ஏன் விட்டார்கள் என்பது தெரியாது. சிரிப்பு மட்டும் அவனோடு வரவில்லை. கலியாணத்தைத் தள்ளி வைப்போமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மஜீத் காக்கா பெரியப்பாவின் சேதியைக் கொண்டுவந்தார். கதிராமன் உள்ளே இருந்த நாட்களில், ஒன்றும் அறியாத பெரியப்பா கண்ணுக்கு மருந்து எடுக்க மூதூருக்கு வந்திருக்கிறார். சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். கதிராமனிடம் எடுத்த பட்டியலில் முதல் பெயர் அவருடையது. எழுதியது யார், குணமணி யார் என்று விடியலிலிருந்து பொழுதுபடும் வரை கேட்டிருக்கிறார்கள்.

"மனிசன் பயந்து போனார், புள்ள. குணமணி எண்டு எனக்கு ஒரு சொந்தமும் இல்லை எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சுப்போட்டார். இனி உன்ர கலியாணத்துக்கு வந்தா அவர் பொய்க்காரன். ஆரும் கேட்டா, உனக்கும் பெரியப்பா எண்டு ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லச் சொன்னார். அழுதுதான் சொன்னார்."

எனக்கு அந்தக் கிழவர் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுத் திட்டினேன். குணமணி என் வாயைப் பொத்தினாள். "வேற என்ன சொல்ல ஏலும் அவருக்கு?" என்றாள். பிறகு மூலைக் கம்பியூட்டருக்குப் போய்ப் பட்டியலைத் திறந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பெயராக அழித்தாள். ஒட்டுமொத்தமாக அழிக்க வழி இருந்தது. நான் காட்டிக் கொடுத்தேன், அவள் கேட்கவில்லை.

கலியாணம் குறித்த நாளிலேயே உப்புவெளியில் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை பக்கம் பதினைந்து பேர். பெண் பக்கம் என்று கடைசி வரிசையில் முக்காட்டோடு நான் ஒருத்தி. சாவடியில் கேள்வி கேட்பவர்கள் எவரும் அங்கே இல்லை. ஆனாலும் வாசலில் ஒரு நிழல் அசைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. ஐயர் செம்பை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"பெண்ணுக்குப் பெரியப்பா வருவார் எண்டல்லோ முதல் சொன்னீங்கள்?"

கதிராமன் குனிந்துகொண்டான். குணமணி நிமிர்ந்தாள்.

"எனக்குப் பெரியப்பா இல்லை ஐயா. அப்பிடி ஒருத்தரும் எனக்கு இல்லை."

கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். கதிராமனின் வேலைத்தல முதலாளி குலசிங்கமும் மனைவியும் முன்னுக்கு வந்தார்கள். அதற்கு முன் அவளை இரண்டு தரமோ மூன்று தரமோ கண்டிருக்கும் மனிதர். அவர் அவள் கையைப் பிடித்துக் கதிராமனின் கையில் வைத்தபோதுதான் குணமணி அழுதாள்.