உடுப்பிட்டியில் ஒரு கோல்ட்லாக்

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறினேன். உடுப்பிட்டிக்கு முப்பது கிலோமீற்றர் அளவு வரும். மார்கழி மாதம், இரவு பெய்த மழையில் ஜன்னலோர சீற்றெல்லாம் நனைந்து கிடந்தன. வல்லை என்ற திறந்த வெளியில் காற்று அடித்ததும் பக்கத்திலிருந்தவர் சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு, "சரியான குளிர், என்ன?" என்றார். ஜெர்மனியில் பதினொரு வருடமாக இருப்பவனுக்கு அது குளிரே இல்லை. வாதாட மனமில்லாமல் தலையாட்டி வைத்தேன்.

நான் போனது கேதீஸின் அம்மாவைப் பார்க்க. கேதீஸும் நானும் அங்கே ஒரே ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவியவர்கள். போன தையில் அவனுக்கு இருமல் முற்றி நியூமோனியாவாகி, நாலே நாளில் போய்விட்டான். நாங்கள் இருவரும் படுத்த மேலறையில் ஹீட்டர் வேலை செய்யாது. நான் இன்னும் அங்கேதான் படுக்கிறேன். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்வதில்லை என்று புறப்படும்போதே முடிவெடுத்திருந்தேன்.

சந்தியிலிருந்து ஓட்டோவுக்கு இருநூறு ரூபாய். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கக்கூட அம்மா விடவில்லை, கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, உந்தச் செடியைப் பாரும். அங்கையிருந்து வந்த அவன்ரை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை கிடந்த விதை. நாலு முளைச்சது, ஒண்டுதான் மிச்சம்."

பழைய பெயின்ற் வாளியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. பார்த்தவுடனேயே தெரிந்தது. கோல்ட்லாக். ஜெர்மனியில் கோட்டைச் சுவரின் கல்லிடுக்கில் ஒருவரும் நடாமல் தானாக முளைப்பது. கடுகுக்குச் சொந்தம், அதே நாலு இதழ், அதே மஞ்சள், ஆனால் நல்ல வாசம். சித்திரையில் அது பூத்தால் கேதீஸ் வேலைக்கு வரும் வழியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவான். முதலாளியிடம் ஏச்சு வாங்குவதும் அதற்காகத்தான்.

"மணக்கிற கடுகுப்பூ எண்டு ரெலிபோனிலை சொல்லுவான். தையிலை வருசம் முடியிற ஆட்டைத் திவசம். அவன்ரை படத்துக்கு உந்தப் பூவை வைக்கோணும் எண்டு எனக்கு ஒரு ஆசை. பூக்குதில்லையே."

அம்மா செய்யாத பணிவிடை இல்லை. எரு, வேப்பம் பிண்ணாக்கு, புழுவுக்குச் சாம்பல், இரண்டு வேளையும் தண்ணீர். பிள்ளையைப் போல வளர்த்ததுதான் பிழை. சுவரில் வாழும் செடிக்கு இத்தனை ஈரம் ஆகாது. வாளிக்கு அடியில் துளை போட்டு, மண்ணோடு பழைய சுண்ணாம்புச் சாந்தை உடைத்துக் கலந்து, மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடச் சொன்னேன்.

"அப்ப பூக்குமோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதுக்குக் குளிர் வேணும் அம்மா. முதல் வருசம் இலைதான். ஒரு குளிர்காலம் கண்டால்தான் பிறகு பூக்கும்."

"மார்கழிக் குளிர் காணாதோ?"

"காணாது அம்மா, இந்தக் குளிர் போதாது."

"நுவரெலியா மலையிலை என்ரை தங்கச்சியின்ரை மகள் படிப்பிக்கிறாள். அங்கை கொண்டுபோய் வைச்சால்?"

"அதுவும் காணுமோ தெரியாது. எங்கடை இடத்திலை இது கிழமைக்கணக்கா உறைஞ்சு கிடக்கும். வெளியிலை வைச்ச வாளித் தண்ணி கல்லாப் போயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அம்மா செடியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அவன் 'இங்கை நுவரெலியாக் குளிர் மாதிரித்தான் அம்மா' எண்டெல்லோ சொன்னவன்."

அம்மா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் மூன்று மணிக்கு ஓட்டோ வந்தது. வெயில் ஏறி எனக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நாளில் நான் ஜெர்மனிக்குத் திரும்பவேண்டும். வாசல் படலை வரை வந்த அம்மா என் சேட்டுக் கையின் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"உமக்கு அங்கை குளிரேல்லையோ தம்பி?"

"பெரிசா இல்லை அம்மா," என்றேன்.