வெள்ளித் தாள் ஒட்டிய அறை

எங்கள் வீட்டு நடு அறையைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். நாலு சுவரிலும் வெள்ளித் தாள். கூரைக்குக் கீழேயும் அதே தாள். யன்னலுக்குக் கம்பி நுளம்பு வலை, அதுவும் இரண்டு மடிப்பு. கலியாண வீட்டுச் சோடனை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை உள்ளே ஓடிவந்து, கலியாணப் பொம்பிளை எங்கே என்று கேட்டது. நானும் தொடக்கத்தில் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

எல்லாம் என் கணவரின் கைவேலை. அவருக்குக் காது இரைகிறது. எந்த நேரமும் காதுக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியில் வேறு யாருக்கும் அது கேட்காது. அதனால் அவர் ஒழுங்காக நித்திரை கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். இந்த இரைச்சல் தொடங்கிய காலமும், எங்கள் வீட்டு ஒழுங்கை தெருவில் ஏறுகிற கோடியில் போன் டவர் எழும்பிய காலமும் ஒன்றாகிவிட்டன. அதோடு அவர் முடிவு கட்டிவிட்டார். டவரின் கதிர்தான் காதுக்குள் போய் இரைகிறதாம்.

ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். காது டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். மூதூருக்குக் கடலில் ஆள் ஏற்றிப் போகிற லோஞ்சில் எஞ்சின் பார்த்தவர் என்று நான் சொன்னேன்.

"அப்ப இது அந்த எஞ்சின் சத்தத்தால வந்ததுதான் ஐயா. நரம்பு பழுதாப் போச்சு. மாத்த மருந்து இல்லை. பழகிக்கொள்ள வேணும்," என்றார் டொக்டர்.

வழி முழுக்க இவர் கொதித்துக்கொண்டு வந்தார். "என்ட எஞ்சினைக் குறை சொல்ல அந்தாளுக்கு என்ன தெரியும்? அது தாலாட்டுற மாதிரிச் சத்தமெல்லோ!" அந்த எஞ்சினை இவர் என்னைவிடக் கூடுதலாகத் தடவிக் கொடுத்தவர். அதன்மேல் பழி போட ஒருநாளும் சம்மதிக்கமாட்டார்.

பிறகுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தார். எங்கேயோ ஓர் ஊரில் ஒருவர் அறை முழுக்க உலோகத் தாள் ஒட்டி, டவர்க் கதிர் வராமல் தடுக்கிறார். அந்த வீடியோவும் இதே டவர் வழியாகத்தானே வீட்டுக்கு வந்தது என்று வாயைத் திறந்து, நல்லாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தகரக் கூரைக்குக் கீழே வெக்கைக்கு அடிக்கிற வெள்ளித் தாளைச் சந்தைப் பக்கத்துக் கடையில் சுருளாக வாங்கி வந்தார். தாளிலிருந்து ஒரு வயரை இழுத்து, பின்வளவில் வாழைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி ஒன்றை இறக்கி அதில் முறுக்கிவிட்டார். மண் ஈரமாக இருக்கவேணுமாம். காலையில் வாழைக்கு ஊற்றும்போது கம்பிக்கும் ஒரு வாளி ஊற்றுவது என் பொறுப்பு. வாழை குலை தள்ளிவிட்டது. கம்பியிடம் நான் ஒன்றையும் காணவில்லை.

அறைக்குள் மின்விசிறி கூடாது. அதுவும் கதிர் விடுமாம். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, இந்த ஊர் வெக்கையில் மனுசன் உள்ளே கிடந்து அவிந்துகொண்டிருந்தார். வெளியே வரும்போது பெனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். ஆள் மெலிந்து, கன்னம் ஒட்டிப்போனார். நான் கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் வெள்ளித் தாளைக் கிழிக்கவும் கை வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன்.

சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்தபோது இதே வளவில் நாங்கள் பங்கர் வெட்டினோம். அப்போதும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே சத்தத்தைக் கேட்டுப் பயந்தோம். இப்போது அவருக்குக் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தும் நான் ஒன்றுக்கும் உதவாதவளாகிவிட்டேன்.

அறை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பின்னேரத்தில் தன் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். நான் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று என் போனிலிருந்து அவருக்குக் கோல் எடுக்கவேணும். அடித்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தரமும் அடித்தது. ஒவ்வொரு தரமும் அவர் மரக் கதிரையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, மூலை மூலையாக ஒட்டினார்.

ஒருநாள் கதிரையிலிருந்து இறங்கும்போது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னால் பொறுக்க ஏலவில்லை. அன்றைக்கு "இஞ்சாரும், இப்ப எடும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"எடுத்தனீரோ?"

"எடுத்தனான்."

"அடிக்கேல்ல! இஞ்ச அடிக்கேல்ல!"

கதவைத் திறந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். கேட்டு வாங்கி இரண்டு தரம் சாப்பிட்டார். "இனி நித்திரை வரும்," என்று சொல்லிவிட்டுத் தலையணையோடு உள்ளே போனார். ஒரு பொய்யால் மனுசனைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

காலையில் தேத்தண்ணியோடு போனேன். அவர் பின்கதவுப் படியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, நித்திரை கொண்டனீங்களோ?"

தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "ரூமுக்குள்ள ஒண்டும் வரேல்ல. ஆனா சத்தம் அப்பிடியே இருக்கு. வெளியில இருந்து வரேல்லையெண்டா, எனக்குள்ள இருந்துதானே வருது." காதை உள்ளங்கையால் பொத்தி எடுத்துவிட்டு, "டொக்டர் சொன்னது சரிபோல. என்ட எஞ்சின்தான். இது சாகுமட்டும் நிக்காது, என்ன?" என்றார்.

தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் அறைக்குள் போகவில்லை. டேப்பைத் தொடவில்லை. டவரை ஏசவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினார். மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தால், "நல்லா இருக்கிறன்," என்று சொல்லி என்னிடம் தந்துவிட்டார். ஓட்டை தேடித் திரிந்த மனுசனை எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனுசனைப் பார்த்தபோதுதான் பயந்தேன்.

ஒரு பின்னேரம் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு நான் போன் எடுக்கேல்ல. எடுத்தனான் எண்டு பொய் சொன்னனான்."

ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"அப்ப... அண்டைக்கு ரூம் மூடுப்பட்டிருக்கேல்லையோ?"

"இல்லை."

"கதிர் வந்துகொண்டுதான் இருந்ததோ?"

"ஓம்," என்றேன்.

எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "இப்ப எடும்!" என்ற குரலில் பழைய உசார் இருந்தது. நான் குசினியில் நின்று, இந்தத் தரம் உண்மையாகவே எடுத்தேன். உள்ளே போன் உரத்து அடித்தது.

"பாத்தீரோ! எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு! வந்து கதிரையைப் பிடியும்."

போய்க் கதிரையைப் பிடித்தேன். அவர் ஏறி, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். என் போனை நான் நிறுத்தவில்லை. அவருடையது அடித்துக்கொண்டே இருந்தது.