ஓட்டுச்சாவடியில் ஒதுங்கி நின்றவர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை அவருக்கு. நெட்டையான உடம்பு, வெந்து வெளுத்த கைகள். யாரோடு பேச வந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். தன்மேல் வீசும் தோல் வாடை எதிரே இருப்பவர்மேல் படாத பக்கமாக நகர்ந்துகொண்ட பிறகுதான் வாய் திறப்பார்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி, எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஓட்டு உண்டு என்று எங்கள் சங்கம் தெருத்தெருவாகச் சொன்னது. அதைக் கேட்டு எங்கள் மாலைப் பள்ளிக்கு வந்தார், நரைத்த தலையோடு என்னிடம் எழுத்துக் கற்றார், ஓட்டும் பெற்றார்.

தேர்தலன்று குளித்து, வெளுத்த வேட்டியில் வந்து வரிசையில் நின்றார். முன்னால் நின்ற கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாப்பா, ஷாப்பையே தூக்கிக்கினு வந்துட்டியா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்தபடியே விலகி, வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

நான் ஓடினேன். "வாங்க, நான் கூட நிக்கிறேன்."

"அவங்கெல்லாம் போட்டுட்டுப் போகட்டுங்க. கடைசீல நான் போறேன்."

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஓட்டு நேரம் முடிந்து மணியடிக்கும்வரை. எவ்வளவு கெஞ்சியும் அவர் அசையவில்லை. வரிசையில் நின்றவர்களை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவர் வரிசையில் இல்லை.

சாத்திய கதவையே பார்த்து நின்ற என்னிடம் அவர் வந்தார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க ஐயா. கூட்டம் ஜாஸ்தி. உங்க சங்கத்துக்கு நல்ல பேரு."

அவர் என்னைத் தேற்றினார். அந்தத் தேறுதல்தான் இன்னும் எனக்குள் ஆறாமல் கிடக்கிறது.