உருண்டை மூக்கும் ஒல்லித் தண்டும்

அடங்காப்பிடாரி என்று பட்டறையில் வைத்த பெயர் நாளடைவில் தேய்ந்து பிடாரி ஆகிவிட்டது. அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பாள். பட்டறை அண்ணனுடையது. ஆனால் இரும்பைக் கடையும் ஜன்னலோரத்து லேத்தை அவன்கூட அவளைக் கேட்காமல் தொட மாட்டான்.

லேத்தில் மாட்டி இரும்பைச் சீவும் புது டிப் வந்தபோது அவள் வாய்தான் அவளை மாட்டிவிட்டது. வெட்டும் நுனியை அங்கே மூக்கு என்பார்கள். மூக்கு உருண்டையாக இருந்தால் வெட்டுக்கோடுகள் ஆழமாக விழாது, பரப்பு வழவழவென்று வரும். குட்டையான தடித்த துண்டுகளில் அப்படித்தான் வந்தது. "இனிமே இதுதான்! பழைய கூர்மூக்கையெல்லாம் தூக்கிக் கடாசுங்க" என்று கூரை அதிரச் சொன்னாள்.

பம்புக்காரர் தன் தண்ணீர் பம்புகளுக்காகக் கேட்டிருந்த நீளமான ஒல்லித் தண்டுக்கும் அதையே மாட்டினாள். உருண்டை மூக்கு பக்கவாட்டில் தள்ளத் தள்ள, தண்டு நடுங்கிக் கீச்சிட்டது. கழற்றிப் பார்த்தால் நெடுக அலை அலையாய் வரி. சொன்ன சொல்லை விட்டுக்கொடுக்க மனசு வராமல், வீம்புக்கு இன்னும் இரண்டு கடைந்தாள். அவையும் அதே லட்சணம்.

வேலையைக் கெடுத்தவர் லேத்தை விட்டுத் துளை போடும் மெஷினுக்குப் போக வேண்டும் என்பது பட்டறை விதி. அதைக் கறாராகக் கொண்டுவந்தவளே அவள்தான்.

அண்ணன் எமரி பேப்பரால் ஒரு தண்டைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "பாரு, பளபளன்னு ஆயிடுச்சு. யாருக்குத் தெரியப்போகுது? நீயும் லேத்துலயே இருக்கலாம்."

"பளபளப்பைப் பார்த்து, தண்டைச் சுத்திப் பிடிக்கிற ரப்பர் சீல் ஏமாந்துடுமா? அந்த அலைமேல உரசி உரசிக் கிழிஞ்சு, தண்ணி ஒழுகும்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் தப்புக்கு நீ பவுடர் பூச வேணாம்ணே."

அதற்குள் பம்புக்காரரே வந்துவிட்டார். தேய்த்த தண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அட, முகமே தெரியுதே!" என்று பூரித்துப்போனார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் லேத் அவளுக்குத்தான். அவளாவது மூடுவதாவது! தண்டைப் பிடுங்கி, மார்க்கர் மையைப் பூசி, தட்டையான சாணைக்கல்லால் லேசாக ஓர் இழுப்பு இழுத்தாள். மேடுகளில் மை போய்விட்டது. பள்ளங்களில் கறுப்பு வரிகள் வரிசையாக நின்றன.

"இது நான் கெடுத்தது. எடுத்துட்டுப் போகாதீங்க."

பம்புக்காரரின் முகம் தொங்கியது. அவள் கடாசச் சொன்ன கூர்மூக்கு டிப்பையே தேடியெடுத்து மாட்டி, டூல் நகரும் வேகத்தைக் குறைத்து, அவர் கண்ணெதிரே புதுத் தண்டு ஒன்றைக் கடைந்தாள். கீச்சே இல்லை. மை பூசிச் சாணைக்கல்லை இழுத்தபோது மை எங்கும் ஒரே சீராகப் போனது. முகம் தெரியவில்லைதான். அவர் நகத்தால் வழித்துப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை.

"எல்லாம் இப்படியே வேணும். இந்தப் பொண்ணே கடையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிடாரி கையைத் துடைத்துக்கொண்டு துளை மெஷினை நோக்கி நடந்தாள். "விதின்னா விதிதான்" என்றாள்.

அண்ணன் ஓடிப்போய் அந்த மெஷினின் சுவிட்சை அணைத்தான். "விதியாவது மண்ணாவது! போ, உன் லேத்துக்கு."

அவள் நின்ற இடத்திலிருந்தே அவன் கையைக் காட்டினாள்.

"முதல்ல உன் கையில இருக்கிற எமரி பேப்பரைக் கீழ போடு."