வினாகிரி குடித்த மீன்கடைக்காரர்

காய்கறிக் கடைக் கவுண்டரில் நின்றவர்களுக்குத் தெரியும், தராசைப் பழகுவது ஒரு கிழமை வேலை, வாயைப் பழகுவதுதான் பெரும்பாடு. எண்பதுகளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் எனக்கு வேலை தந்தவர் கணவரை இழந்த, கன்டனீஸ் பேசும் சீன அம்மா ஒருவர். நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் அவருடைய தோட்டத்துச் சேற்றில் முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்த என்னைக் கடைக்குக் கூட்டி வந்தார். ஒரே நிபந்தனை: அங்கே வரும் வயதான சீன அம்மாக்களோடு அவர்கள் மொழியில், அவர்கள் பாணியிலேயே கதைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் சேறு.

சோறு சாப்பிட்டாச்சோ?

இது அவர்களுடைய சுகம் விசாரிப்பு. முதல் நாளே ஓர் அம்மாவிடம் பவ்வியமாகக் கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார். யாழ்ப்பாணத்தான் அதற்குமேல் சும்மா நிற்கலாமா? மனைவி கட்டித் தந்த புட்டையும் சம்பலையும் திறந்து, அவர் மறுக்க மறுக்க, ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டேன். உறைப்பில் கண்ணீர் வடிய அவர் முதலாளியம்மாவிடம் சொன்னார்: "நல்ல பெடியன். ஆனா நாளையிலயிருந்து நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவன்."

வினாகிரி

பொறாமைப்படுவதை 'வினாகிரி குடிக்கிறது', அதாவது வினிகர் குடிக்கிறது, என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பக்கத்தில் மீன் பொரித்து விற்கும் சீனர், எங்கள் கடையில் முட்டைக்காரர் பெட்டி இறக்கும்போதெல்லாம் வாசலில் நின்று முறைப்பார். வியாபாரப் பொறாமை என்று நினைத்த நான், கடை நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை, "எங்கட முதலாளியம்மாவால அவர் வினாகிரி குடிக்கிறார்" என்று ஒரு போடு போட்டேன். கடையே குலுங்கிச் சிரித்தது. அந்த வினாகிரி காதலுக்கு மட்டும் உரியதாம். ஓர் அம்மா கேட்டார்: "அப்ப கலியாணம் எப்ப?"

கணவாய்

திங்கட்கிழமை தெரு முழுக்க அதே கதை. ஆளை வேலையிலிருந்து நிறுத்துவது அவர்களுக்குக் 'கணவாய் வறுக்கிறது'. சட்டியில் கணவாய் மீன் சுருளுவதுபோல் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். "இண்டைக்கு உன்ர கணவாயை வறுக்கிறன்" என்றார் முதலாளியம்மா. ஏப்ரனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து மீன்கடைக்காரர் முகம் மழித்து, டை கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து உருட்டியபடி, "முட்டைக்காரர் இண்டைக்கும் வருவாரோ?" என்று மெல்லக் கேட்டார். முதலாளியம்மாவின் முகம் தக்காளியாகச் சிவந்தது. ஏப்ரனை என்னிடம் திரும்பத் திணித்துச் சொன்னார்: "போய்க் கவுண்டரில நில். நீ சரியாத்தான் சொல்லியிருக்கிறாய்."

பிழையாகச் சொல்லி வேலை தப்பியது அந்த ஒருமுறைதான், கவுண்டர்த் தோழர்களே. பிறகு மாட்டிக்கொண்டதெல்லாம் சரியாகச் சொல்லித்தான்.