எண்ணூரில் ஒரு பை களிமண்

எண்ணூர் கழிமுகத்தின் கரையில் உட்கார்ந்து களிமண்ணைத் தோண்டிப் பையில் போடுகிறேன். பழங்காலத்து முறையில் கையாலேயே பானை செய்து, அதில் சமைத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இறால் கூடையோடு சேற்றிலிருந்து ஏறி வரும் பெண் ஒருவர் என்னை மறிக்கிறார்.

"இன்னா சார், எந்த கம்பெனி?"

"கம்பெனி இல்லக்கா. வீட்ல பானை செய்யத்தான்."

"போன தபா வந்தவனும் மண்ணத்தான் எட்த்துனு போனான். அப்பால வந்து வேலி போட்டாங்க. கொட்டு சார்."

நான் செய்த பானைகளின் படத்தைக் கைபேசியில் காட்டுகிறேன். அவர் பார்வை என் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது. வேறு வழியின்றிப் பையைக் கவிழ்க்கிறேன். கொட்டிய மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்துகிறார். நான் கிளம்பத் திரும்புகிறேன்.

"கையையும் கயுவிட்டு போ."