ஜீப்புக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

எங்கள் பெரியப்பாவுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் இருந்தன. ஒன்று இரும்பில் செய்தது, இன்னொன்று மற்றதெல்லாம். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அவருடைய ஜீப்பின் எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் பெட்டி, சோறு வடிக்கும் பாத்திரத்தைப் போல, அலுமினியம். அதனால் பெரியப்பா அதைச் ‘சோத்துக்குண்டா’ என்றுதான் சொல்வார். அது எழுபதுகளின் கடைசி. நாமக்கல் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

சோத்துக்குண்டா ஒருமுறை மலைத்தடத்தில் கல்லில் மோதி, அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அப்பா நாமக்கல் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு வந்தார். தழும்பு பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் வண்டி மறுநாளே ஓடியது. பெரியப்பா ஒரு மாதம் சாப்பாட்டு வேளைதோறும் அதைச் சொல்லிச் சிரித்தார். அப்பா தம்பி என்பதால் குனிந்தபடி சாப்பிட்டார்.

ஜீப்பை ஓட்டியவரை டிரைவரண்ணன் என்று கூப்பிடுவேன். எங்கள் தோட்டத்துக் கோடியில் பெரியப்பா கொடுத்த ஓட்டுவீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் குடியிருந்தார். மூத்தவள் என் வகுப்பு. தார் ரோடு முடிந்த பிறகு வரும் கல்லும் குழியுமான தடத்தில் ஏறி, பலாவும் வாழைத்தாரும் இறக்கிக்கொண்டு வருவது அவர் வேலை.

ஆயுதபூஜையன்று வண்டிகளுக்கு முதல் சொம்பு மஞ்சள் தண்ணீரைப் பெரியவளாகாத பெண்பிள்ளை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலேயே ஊற்றுவார்கள், பிறகுதான் சந்தனமும் குங்குமமும். அந்த வருடம் ஒன்பது வயதில் அந்தப் பதவி எனக்கு வந்தது. காலையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியிருந்தார். அதன் மேல் ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி வந்தது, அவ்வளவுதான். ஜீப் வருவதற்கு நேரமாகிவிட்டது. அது வாசலில் வந்து நின்றபோது பானெட்டுக்கு மேல் காற்று நெளிந்தது.

“ஏனுங்க, மலையெறங்கி வந்த சூடுங்க. செத்த நேரம் ஆறட்டுமுங்க,” என்றார் டிரைவரண்ணன்.

“நல்ல நேரம் போகுதுடா. இரும்புக்கு என்ன சூடு, குளிரு? நீ ஊத்து சாமி,” என்று என் பக்கம் திரும்பினார் பெரியப்பா.

கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஒரு சொம்பு போதும், ஆனால் எனக்கிருந்த குஷியில் மூன்று சொம்பு ஊற்றினேன். ஆவிக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. டிரைவரண்ணன் மட்டும் குனிந்து பார்த்தார். பெரியப்பா தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை டிரைவரண்ணன் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பெரியப்பாவிடம் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் ஊற்றிய டீயைப் போல் இருந்தது. “ஆயில்ல தண்ணி கலக்குதுங்க. எங்கியோ வெடிச்சிருக்குதுங்க. இன்னிக்கு வண்டி எடுக்க வேண்டாமுங்க,” என்றார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“சோத்துக்குண்டா வெடிக்கும், இது வெடிக்காது. மலைமேல வாழத்தாரு அழுகுது, போடா,” என்றார் பெரியப்பா.

மூன்றாவது வளைவு ஏறும்போது எஞ்சின் இறுகிப்போய் நின்றது. ஜீப் பின்னால் உருண்டு பாறையில் மோதிச் சாய்ந்தது. டிரைவரண்ணனின் வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. அவரைக் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். பெரியப்பாவின் இரும்பை இரண்டு ஜோடி மாடுகள் இழுத்துவந்தன.

எஞ்சினைப் பிரிப்பதற்கு நாமக்கல் போன பெரியப்பா, லீவு என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டறைக்காரர் விளக்கு பிடித்துக் காட்டினார். தலைமுடி மாதிரி ஒரு கோடு, மேலிருந்து கீழே. “கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி பட்டிருக்குதுங்க. அலுமினியம்னா அடிபட்ட எடம் கண்ணுக்குத் தெரியும், பத்தவெச்சுத் தரலாம். வார்ப்பிரும்பு உள்ளுக்குள்ளயே வெடிக்கும், பத்தவெச்சாலும் நிக்காதுங்க,” என்றார்.

நான் ஊற்றிய மூன்று சொம்பும் ஞாபகம் வந்தது. பெரியப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தார். “நீ தண்ணி ஊத்துனத யாருகிட்டயும் சொல்லக்கூடாது சாமி. ஊரே உன்னத் திட்டும். நான் பாத்துக்கறேன்,” என்றார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வாசலில் பங்காளிகள் நாலு பேர் கூடினார்கள். கையில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு டிரைவரண்ணன் நின்றார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் வண்டி ஓட்டி எஞ்சினைக் கெடுத்தவன் என்று பேர் வந்தால் வேலையும் வீடும் போகும், வேறு யாரும் வண்டியை நம்பிக் கொடுக்கவும் மாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியா, இல்ல பூஜ பண்ணுன எம் புள்ள மேல பழி போடறியா?” என்று கேட்டார் பெரியப்பா.

டிரைவரண்ணன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

“மறந்துட்டனுங்க. தண்ணி பாக்காம ஏத்திட்டனுங்க,” என்றார்.

அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்து, பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே அவர்கள் சட்டிபானையோடு கிளம்பினார்கள். அந்தக் கையால் அவர் பிறகு ஸ்டியரிங் பிடிக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கூலியாளாக வடக்கே போனார் என்றும், குழாய் சரிந்து அங்கேயே செத்துப்போனார் என்றும் சில வருடம் கழித்துச் சேதி வந்தது. பெரியப்பா, “பாவம், கவனம் இல்லாதவன்,” என்றார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஆனால் விசாரணை முடிந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. என் மேல் யாரும் பழி போடவில்லை, பெரியப்பா சொன்னபடியே என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நம்பினேன். அன்று மத்தியானம் பந்தியில் அவரை ஒட்டிப் போய் உட்கார்ந்து, என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.